பஸ்ஸில் தொலையாத பை

அன்பு மகனே,

இந்தக் கடிதத்தோடு ஒரு பையும் உன் கைக்கு வரும். காக்கி நிறக் கான்வாஸ் பை. இடது வார் அறுந்துபோய், உன் அம்மா கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தது. பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் சிவாஜிநகர் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று நீ சொன்ன பை அது. படித்து முடிக்கும்வரை அதைத் திறக்காதே என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் கேட்கிறேன்.

எழுதக் காரணம் உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன மாதக் கடைசியில் ஆனேக்கலில் கவிதா வீட்டுக்குப் போயிருந்தோமே, அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன். கேசரி வந்தது, காபி வந்தது. எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது கவிதாவின் அப்பா என் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணப் பெத்தவன் கேட்டுத்தான ஆகணும். மாப்பிள்ளைக்குப் பழக்கவழக்கம்னு ஏதாச்சும்..."

"அவனா? டீ கூட ரெண்டு வேளைக்கு மேல குடிக்கமாட்டான். வீட்ல சிகரெட்டுக்கு நான் ஒருத்தன் போதாதா?"

எல்லாரும் சிரித்தார்கள், கவிதா உட்பட. நீ மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் சந்தாபுரம் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய்.

"நல்லா எழுதினீங்கப்பா."

"என்னடா?"

"அவர்கிட்டச் சொன்னதுல ஒரு வரி கூடப் பொய் இல்ல. பேப்பருக்கு எழுதற மாதிரி கரெக்டா எழுதினீங்க."

ஜன்னலைச் சாத்திவிட்டு, "நான் கவிதாகிட்டச் சொல்லிடப்போறேன்பா" என்றாய். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றேன். "அப்புறம்னா எப்ப?" என்று கேட்டாய். நான் கண்டக்டரிடம் ஏதோ கேட்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினோரு நாளாகிவிட்டது. நீ இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுத்தான் நீ சொல்லாமல் இருக்கிறாய் என்றால், அந்தப் பேச்சை இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சொல்லிவிடு. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடு. எதனால் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் நான் சில விஷயங்களை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முப்பத்தொரு வருடம் ரிப்போர்ட்டராக இருந்தேன். தெரிந்தே ஒரு பொய்யை அச்சில் ஏற்றியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஆனால் எதை எழுதாமல் விடலாம் என்பதும் இந்தத் தொழிலில் ஒரு தேர்ச்சிதான். அந்தத் தேர்ச்சி மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காவிரிக் கலவரம் வந்து, இங்கே தமிழர்களைத் தேடி அடித்தபோது நீ பத்தாம் வகுப்பு. அல்சூரில் நம் தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஊரடங்குப் பாஸ் வாங்கிக்கொண்டு மூன்று நாள் வெளியிலேயே சுற்றினேன். நான்காம் நாள் குளிக்க வந்தபோது, "என்னப்பா நடக்குது? நம்மள அடிப்பாங்களா?" என்று கேட்டாய். "நாளைக்குப் பேப்பர்ல வரும், படி" என்று சொல்லிவிட்டு சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பயந்துபோயிருந்த பிள்ளைக்கு நான் சொன்ன பதில் அதுதான். இந்த வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது என்று நீ அன்று முடிவு செய்திருந்தால் உன்மேல் தவறில்லை.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, நகரத்தில் பிரவுன் சுகர் என்கிற ஹெராயின் பொடி பரவுவதைப் பற்றி நான் ஒரு வாரம் தொடர் எழுதினேன். கடைசி நாள் கட்டம் கட்டி ஒரு குறிப்பு போட்டோம். 'பெற்றோர் கவனிக்க வேண்டியவை' என்று தலைப்பு. சுருங்கிய கண்மணி, மதியத் தூக்கம், முழுக்கைச் சட்டை, குறைந்துபோகும் சிநேகிதர்கள், சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதம் காணாமல் போவது. காகிதத்தின் மேல் பொடியைப் போட்டுக் கீழே சூடு காட்டி அந்தப் புகையை உறிஞ்சுவார்கள் என்று நானே விளக்கமாக எழுதியிருந்தேன். அதே மாதத்தில் என் சிகரெட் பாக்கெட்டைத் திறந்தால் உள்ளே வெள்ளிக் காகிதம் இருக்காது. கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்கிறான் என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தேன். ஊருக்கெல்லாம் அடையாளம் எழுதிக் கொடுத்தவன் தன் சட்டைப் பையில் இருந்ததைப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. எனக்குப் பழக்கமான சப்-இன்ஸ்பெக்டர். "சார், ஸ்வல்ப ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க. போன்ல பேடா" என்றார். கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள், போன் வேண்டாம் என்று அவர் கன்னடம் கலந்து சொன்ன விதத்தில், பெரிய செய்தி கிடைக்கப்போகிறது என்று நினைத்து உற்சாகமாகத்தான் போனேன். உள்ளே பெஞ்சில் பிரசாத் உட்கார்ந்திருந்தான். நம் வீட்டில் உன் தட்டிலேயே தோசையைப் பிய்த்துத் தின்ற பிரசாத். கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தான். அடையாளம் தெரியாததுபோல உடனே குனிந்துகொண்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் மேசைக்கு அடியிலிருந்து இந்தப் பையை எடுத்தார். "ரயில்வே லைன் பக்கத்துல ரெண்டு பேர் சார். ஒருத்தன் சிக்கினான், ஒருத்தன் ஓடிட்டான். ஓடினவன் பை இது. உள்ள ஐடி கார்டு இருக்கு, போட்டோவோட. இவன் என்ன கேட்டாலும் வாயத் தொறக்கல. நீங்க நமக்கு வேண்டியவங்க. எடுத்துட்டுப் போயிடுங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன். ஆபீசுக்குப் போய்ச் செய்தியையும் எழுதினேன். வேறு யாராவது எழுதினால் விசாரிப்பார்களே என்ற பயத்தில், அதையும் நானே எழுதினேன். நான்கு வாக்கியம். கல்லூரி மாணவர் கைது, அவர் பெயர், ஊர், கைப்பற்றப்பட்ட பொருள். வழக்கமாக இப்படிப்பட்ட செய்தியில் ஐந்தாவதாக ஒரு வாக்கியம் வரும்: 'உடனிருந்த மற்றொருவர் தப்பி ஓடிவிட்டார், போலீசார் அவரைத் தேடி வருகின்றனர்.' அதை விட்டுவிட்டேன். பிரசாத்தின் பெயரை விடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்தொன்பது வயதுப் பையன். கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்து அவனைப் படிக்கவைத்த அம்மா. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் கல்லூரியிலிருந்து அவனை நீக்கினார்கள்.

அந்தச் செய்தியை எழுதியவன் யாரென்று தெரிந்தால் கையை உடைப்பேன் என்று நீ ஒருமுறை சொன்னாய். நான்தான்.

மறுநாள் காலையில் நாம் பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பை எங்கடா?" "பஸ்ல விட்டுட்டேன்பா." "எந்த பஸ்?" "சிவாஜிநகர் பஸ்." "டிப்போல போய்க் கேட்டியா?" "கேட்டேன், இல்லன்னுட்டாங்க." பை என் ஆபீஸ் மேசை இழுப்பறையில் பூட்டியிருந்தது. உன் பொய் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அன்று மாலை உனக்குப் புதுப் பை ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். நீ 'தேங்க்ஸ்பா' என்றாய். மகன் ஹெராயின் எடுக்கிறான் என்று தெரிந்த தகப்பன் முதலில் செய்த காரியம் அது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் கேட்டால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்பாய், பை வெளியே வரும், ஸ்டேஷன் வெளியே வரும். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளே ஒருநாள் என் சிகரெட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இதுல இருக்கற வெள்ளிக் காயிதம் எங்க போவுது? நீங்க எழுதினதத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்" என்று கேட்டாள். அப்போதும் "பாக்கலாம்" என்றேன். அந்த நான்கு மாதத்தில் நீ கொஞ்சமாக எடுப்பவன் என்ற நிலையிலிருந்து, எடுக்காவிட்டால் எழுந்து உட்கார முடியாதவன் என்ற நிலைக்குப் போனாய். அந்த நான்கு மாதமும் என் பொறுப்பு.

பிரசாத் ஜெயிலில் மூன்று மாதம் இருந்தான். வந்த மறுநாள் செத்துப்போனான். பழைய இடத்துக்குப் போய், பழைய அளவு எடுத்திருக்கிறான். ஜெயிலுக்குப் போவதற்கு முன்னால் தினமும் எடுத்த அதே அளவுதான். அது எப்படி அவனைக் கொன்றது என்று எனக்குப் புரியவில்லை. கலப்படம் என்று நினைத்தேன். அப்படியே விசாரிக்கவும் செய்தேன்.

அவன் செத்த பிறகுதான், அப்போதும் பையைப் பற்றி வாயைத் திறக்காமல், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் அந்த டாக்டரம்மா எனக்கு விளக்கினார். தினமும் எடுக்கும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொண்டே போகிறது, அளவு ஏறிக்கொண்டே போகிறது. நிறுத்தினால் உடம்பு அந்தப் பழக்கத்தைச் சில வாரங்களிலேயே மறந்துவிடும். ஆனால் மனசு மறக்காது. மனசு பழைய அளவைக் கேட்கும், உடம்பு அதைத் தாங்காமல் மூச்சை நிறுத்திவிடும். "எடுத்துக்கிட்டே இருக்கறவன விட, விட்டுட்டு ஒரு தடவ எடுக்கறவனுக்குத்தான் சார் ஆபத்து ஜாஸ்தி" என்றார். ஒரு வாரத் தொடர் எழுதியிருந்தேனே, அந்த ஒரு வரி அதில் எங்குமே இல்லை. எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவுமில்லை. போலீசைக் கேட்டேன், சுங்கத்துறையைக் கேட்டேன், டாக்டரைக் கேட்கவில்லை.

இதை நான் இப்போது நினைவுபடுத்துவது உனக்காக. நீ விட்டு எட்டு வருடமாகிறது. நீ பலமாக இருக்கிறாய் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் உடம்பு, ஒருமுறை கூட எடுக்காதவன் உடம்பு மாதிரி. நான் பயப்படுவது அதை நினைத்துத்தான்.

ஆஸ்பத்திரியின் முதல் பத்து நாளை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன். ஓயாத கொட்டாவி, ஒழுகும் மூக்கு, உதறி உதறி விழும் கால்கள், மயிர்க்கூச்செறிந்த தோல், வயிற்றுப்போக்கு. அது முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கோயிலில் அர்ச்சனை செய்தேன். நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். விசாரித்ததில், அதுவும் அபின் வகையைச் சேர்ந்த மருந்துதான் என்றார்கள். "ஒரு போதைய விட்டு இன்னொரு போதையா? ஆம்பளையா இருந்தா இத நிறுத்து" என்று உன்னிடம் சொன்னேன். மூன்றே மாதத்தில் நிறுத்தவைத்தேன். ஐந்தாவது வாரம் நீ மறுபடி போனாய். நல்லவேளை, உன் அம்மா கதவைத் தட்டியபோது உனக்கு மூச்சு இருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "உங்க பிரஷர் மாத்திரைய நீங்க ஆம்பளையா இருந்து நிறுத்திட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது முறை அந்த மாத்திரையை அவர் சொன்னபடி, அவர் குறைத்தபடி, இரண்டு வருடம் சாப்பிட்டாய். அதனால்தான் இன்று இருக்கிறாய். உன் மனவுறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மனவுறுதிக்கு நிற்க இடம் கொடுத்தது அந்த மாத்திரை என்கிறேன்.

அந்த இரண்டு வருடமும் நான் உன்னைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை. வாசலில் கால் வைத்ததும், எங்கே போனாய், யாரோடு, எத்தனை மணிக்கு, கண்ணைக் காட்டு, கையைக் காட்டு. பதிலில் ஐந்து நிமிடம் உதைத்தால் மறுபடி முதலிலிருந்து. டாக்டரம்மா ஒருநாள் என்னைத் தனியாக உட்காரவைத்தார். "சார், நீங்க பேட்டி எடுக்கறத நிறுத்துங்க. அவன் தப்பா ஒண்ணு பண்ணிட்டா ஓடி வந்து சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். உங்ககிட்ட வந்தா கேஸ் நடக்கும்னு அவனுக்குத் தெரியும்." அதற்கப்புறம்தான் அல்சூர் ஏரிக்கரையில் காலையில் நாம் நடக்க ஆரம்பித்தோம். நான் கேள்வி கேட்காமல் நடக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது. நீயாகவே ஒருநாள் வாயைத் திறந்தாய். "உங்க பேப்பர்ல எப்பவும் தடை செய்யப்பட்ட போதைப்பொருள்னே போடறீங்களேப்பா, தடை பண்ணாததையும் போடலாமில்ல? உங்க பாக்கெட்லயே இருக்குது." நாம் இருவரும் சேர்ந்து சிரித்து அப்போது எத்தனையோ நாளாகியிருந்தது. நான் இன்னும் சிகரெட்டை விடவில்லை. எட்டு முறை விட்டேன். உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்: இதைக்கூட விட முடியாதவன்தான் உன்னை ஒரே நாளில் அதை விடச் சொன்னவன்.

போன வியாழக்கிழமை பிரசாத்தின் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஒன்பது வருடத்தில் முதல் முறை. பையைப் பற்றிச் சொன்னேன். செய்தி எழுதியவன் நான், அதில் ஓடிப்போனவனைப் பற்றிய ஒரு வரியை விட்டவனும் நான் என்று சொன்னேன். அந்த அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அந்த ஒரு வரியப் போட்டிருந்தா எம்புள்ள திரும்பி வந்திருப்பானா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?"

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரே பேசினார். "உங்க பையன் தீபாவளிக்குத் தீபாவளி வரான். அது தெரியுமா உங்களுக்கு? மொத தடவ வந்தப்பவே சொல்லிட்டான். 'நானும் அங்க இருந்தேம்மா, நான் ஓடிட்டேன், அவன் என்னக் காட்டிக் குடுக்கல'ன்னு வாசல்லயே உக்காந்து அழுதான். நாலு சாத்து சாத்தினேன். அப்புறம் சோறு போட்டேன்."

எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. நான் எழுதாமல் விட்ட அந்த ஐந்தாவது வாக்கியத்தை, எழுதப்படாத வாக்கியம் ஒன்று உண்டென்றே தெரியாமல், நீ என்றோ போய்ச் சொல்லிவிட்டிருக்கிறாய். சொல்லாமல் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பஸ் பிடிக்காமல் வீடுவரை நடந்தே வந்தேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இன்று அதே போன் வந்தாலும் நான் அந்தப் பையை வாங்கிக்கொண்டுதான் வருவேன் என்று நினைக்கிறேன். உன்னை ஜெயிலுக்கு அனுப்பும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் இழுப்பறையில் பூட்டமாட்டேன். நேராக வீட்டுக்கு வந்து உன் முன்னால் வைத்து, "இது எங்கிட்ட இருக்கு, வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று சொல்வேன். பிரசாத்தின் அம்மாவிடமும், பையன் வெளியே வரும் நாளில் அவனைத் தனியாக விடாதீர்கள் என்று சொல்வேன். அன்று எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கவிதாவிடம் சொல் என்று நான் சொல்வது ஒழுக்கத்துக்காக இல்லை. கல்யாணம் முடிந்ததும் நீங்கள் வைட்ஃபீல்டில் தனி வீடு போகிறீர்கள். ஆபீஸில் நெருக்கடி வரும், யாராவது சாவார்கள், அவளோடு சண்டை வரும், அல்லது ஒன்றுமே இல்லாத ஒரு சாதாரண மதியத்தில் பழைய ஆசை வந்து பக்கத்தில் உட்காரும். அப்போது நீ கதவைத் தாழிட்டுக்கொண்டால், வெளியே இருப்பவளுக்குத் தாழ்ப்பாளின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, கதவைத் தட்டினாள். ஒன்றும் தெரியாத பெண், பாவம், தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தம் போடாமல் நடப்பாள். எனக்கு இந்தக் காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

அவள் கேட்டுவிட்டுக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லலாம். அது அவள் உரிமை. மண்டபம் போகட்டும், பத்திரிகை வாங்கியவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். நீ அவளிடம் சொன்ன பிறகு, அதற்கு முன்னால் அல்ல, நான் ஆனேக்கலுக்குப் போய் அவள் அப்பாவிடம் டீயைப் பற்றி நான் சொன்ன பதிலைத் திருத்திச் சொல்கிறேன். அவர் திட்டினால் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். எப்போதாவது நீ தவறி மறுபடி எடுத்துவிட்டால், அப்போதும் வா. தனியாக இருக்காதே. அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். ஆட்டோ மட்டும் கூப்பிடுவேன்.

இதைப் படிக்க வேண்டிய வேறு தகப்பன்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரசாத்தின் அம்மாவிடம் கேட்டேன். "எம்புள்ள பேரப் போட்டே எழுதுங்க, இந்தத் தடவ முழுசா எழுதுங்க" என்றார். உன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. இது அச்சுக்குப் போவதா வேண்டாமா, போனால் உன் பெயரோடா பெயர் இல்லாமலா என்பதை நீயும் கவிதாவும் சொல்லுங்கள். யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்று ஒருமுறை நான் தனியாக முடிவு செய்தேன். இனி அது என் வேலை இல்லை.

இப்போது பையைத் திற. உன் ஐடி கார்டு இருக்கிறது. பாதி எழுதிய ரெக்கார்டு நோட்டு இருக்கிறது. நோட்டுக்குள் ஏழு வெள்ளிக் காகிதங்கள், நகத்தால் தேய்த்துச் சுருக்கம் நீக்கி மடித்து வைத்தவை. எல்லாம் என் பாக்கெட்டிலிருந்து போனவை. அப்படியே அவளிடம் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பேச ஆரம்பி. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் பையிலிருந்து ஆரம்பி.

நான் வீட்டில்தான் இருக்கிறேன். போன் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கிறேன் என்று உன் அம்மா கேலி செய்கிறாள். பேசிவிட்டு ஒரு தரம் கூப்பிடு. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கமாட்டேன். நீ இருக்கிறாய் என்று குரலைக் கேட்டால் போதும்.

உன் அப்பா